பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள்

‘போடு’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு நாளைக் கடத்திவிடலாம். வாசலில் கோலம் போடுகிறோம், அடுப்படியில் காபி போடுகிறோம், சட்டை போடுகிறோம், இருட்டினால் லைட் போடுகிறோம். அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம், லீவு போடுகிறோம். நர்ஸ் ஊசி போடுகிறார், வக்கீல் கேஸ் போடுகிறார், தேர்தல் வந்தால் ஓட்டுப் போடுகிறோம். இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்ல வந்தால் கோலத்துக்கு ‘டிரா’ வேண்டும், காபிக்கு ‘மேக்’, லைட்டுக்கு ‘டர்ன் ஆன்’ அல்லது ‘சுவிட்ச் ஆன்’, ஊசிக்கு ‘கிவ்’, கேஸுக்கு ‘ஃபைல்’, ஓட்டுக்கு ‘காஸ்ட்’. கையெழுத்துக்கு ‘சைன்’ என்ற சொல்லே வினையாகிவிடும். லீவுக்கு விண்ணப்பிக்கும்போது ‘அப்ளை ஃபார்’, எடுக்கும்போது ‘டேக்’. ‘போடு’ என்றதும் நம் நினைவுக்கு முதலில் வரும் ‘புட்’ இந்த வரிசையில் சட்டை போன்ற ஓரிரண்டுக்கே பொருந்துகிறது. அங்கும் ‘ஆன்’ துணைக்கு வராவிட்டால் அதற்கு வேலை இல்லை.

தமிழில் பெயர்கள் மாறிக்கொண்டே போக, வினை அசையாமல் நின்றது. ஆங்கிலத்தில் பெயர் மாறும்போதெல்லாம் வினையும் மாறியது. இந்த அத்தியாயத்தின் வாதம் இதிலிருந்தே பிறக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் மனத்திலுள்ள தமிழ் வினைக்கு நிகர் தேடித் தொடங்கினால் பெரும்பாலும் வழி தவறுவார். வாக்கியத்தில் வரப்போகும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தப் பெயரோடு வழக்கமாக எந்த வினை வருகிறது என்று கேட்டால் விடை விரைவில் கிடைக்கும். கற்கும்போதும் இதே முறைதான்: வினைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், பெயரும் வினையும் சேர்ந்த இணைகளாகவே மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

பொருள் பொருந்தினால் போதாதா?

அர்த்தம் சரியாக இருந்தால் எந்த வினையாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைத் தமிழுக்குத் திருப்பிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். தமிழ் கற்கும் ஆங்கிலேயர் ஒருவர் தம் மொழி வினைகளை அப்படியே பெயர்த்து, ‘நேற்று இரவு ஒரு கனவு வைத்திருந்தேன், மாலையில் ஒரு நடை எடுத்தேன்’ என்று சொன்னால் அவர் சொல்ல வந்தது நமக்குப் புரியும். ஆனால் கனவைக் காண்கிறோம், நடையை எடுப்பதில்லை என்பது எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லித்தராமலே நமக்குத் தெரியும். அந்த வாக்கியத்தைக் கேட்டால் நமக்கு என்ன தோன்றுமோ, ‘ஐ சா எ டிரீம்’, ‘ஐ ஏட் மெடிசின்’ என்று நாம் எழுதும்போது ஆங்கிலம் தாய்மொழியான வாசகருக்கும் அதேதான் தோன்றும். அவர்கள் கனவுக்கு ‘ஹேவ்’ போடுவார்கள், மருந்துக்கு ‘டேக்’ போடுவார்கள். காரணம் கேட்டால் அவர்களாலும் சொல்ல முடியாது. பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

சொற்கள் இப்படிக் கூட்டாளியோடு வருவதை மொழியியலார் ‘கொலொகேஷன்’ என்பார்கள். தமிழில் சொல்லிணைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கில மொழியியலில் இந்தக் கருத்தை நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபிர்த். 1920களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர்; ஆர்டனின் தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றிய குறிப்பை எழுதியவரும் அவரே. அவருடைய மாணவர் ஹாலிடே சொன்ன எடுத்துக்காட்டு நம் டீக்கடைக்கும் பொருந்தும். டீ ‘ஸ்ட்ராங்’ ஆக இருக்கலாம், ‘பவர்ஃபுல்’ ஆக இருக்க முடியாது. இத்தனைக்கும் இரண்டு சொல்லுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று சொல்லும் தமிழர் யாரும் ‘பவர்ஃபுல்லா ஒரு டீ’ என்று சொல்வதில்லை. அந்த ஆங்கிலச் சொல் தன் கூட்டாளியோடு சேர்ந்தே தமிழுக்குள் வந்ததால் அங்கே பிழைக்கு இடமில்லாமல் போயிற்று.

ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை நன்கு உணர்ந்தவர்களில் ஜப்பானில் கற்பித்த ஆங்கிலேயர்களும் உண்டு. டோக்கியோவில் பணியாற்றிய ஹெரால்டு பாமர் 1933இல் ஆங்கிலச் சொல்லிணைவுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஏ. எஸ். ஹார்ன்பி, கற்பவர்களுக்கென்றே ஓர் அகராதி தயாரித்தார். 1942இல் ஜப்பானில் அச்சான அந்த அகராதிதான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்ற பெயரில் நம் ஊர்ப் புத்தகக் கடைகளுக்கும் வந்தது. சொல்லின் பொருளை அறிந்தால் மட்டும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது என்பதே அந்த அகராதியின் அடிப்படை.

விதி இல்லையா?

இவ்வளவும் பழக்கமே என்றால் இலக்கண நூல்கள் ஏன் விதி சொல்கின்றன என்று ஒருவர் மறுக்கலாம். ‘மேக்’, ‘டூ’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பல நூல்கள் இப்படி விளக்குகின்றன: புதிதாக ஒன்றை உண்டாக்கினால் ‘மேக்’, ஒரு வேலையில் ஈடுபட்டால் ‘டூ’. ‘மேக் எ கேக்’, ‘டூ ஹோம்வொர்க்’ ஆகியவற்றுக்கு இந்த விதி சரியாக வரும். ஆனால் முயற்சி என்பது ஈடுபாடுதான், அதற்கு ‘மேக் அன் எஃபர்ட்’ என்கிறார்கள். சேதம் என்பது உண்டாக்கப்படுவது, அதற்கு ‘டூ டேமேஜ்’ என்கிறார்கள். தொலைபேசி அழைப்புக்கும் புகாருக்கும் தவறுக்கும் ‘மேக்’. ஆராய்ச்சிக்கும் வியாபாரத்துக்கும் உதவிக்கும் ‘டூ’. முடிவு எடுப்பதற்கு அமெரிக்கர் ‘மேக் எ டிசிஷன்’ என்றே எழுதுவார்கள்; பிரிட்டனில் ‘டேக் எ டிசிஷன்’ என்பதும் உண்டு. ஒரே பொருள், ஒரே பெயர்ச்சொல், இரண்டு நாடுகளில் இரண்டு வினை. இதை எந்த விதியாலும் ஊகிக்க முடியாது. ஏற்கெனவே கற்ற இணைகளை நினைவில் வைக்க விதி உதவும். கற்காத இணையை அது கண்டுபிடித்துத் தராது.

இன்னொரு மறுப்பும் உண்டு: தமிழை வைத்தே யோசித்தாலும் பல இடங்களில் சரியாகத்தானே வருகிறது? வருவது உண்மை. ‘பஸ்ஸைப் பிடித்தேன்’ என்பதற்கு ‘காட்ச் எ பஸ்’ அப்படியே பொருந்துகிறது. ‘வெயிட் போட்டுவிட்டான்’ என்பதற்கு ‘புட் ஆன் வெயிட்’, ‘பந்தல் போட்டார்கள்’ என்பதற்கு ‘புட் அப்’ என்று ‘புட்’ கூடக் கைகொடுக்கிறது. சளி பிடிப்பதும் ‘காட்ச் எ கோல்டு’தான், ஒரு வேறுபாட்டோடு: தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது, ஆங்கிலத்தில் நாம் சளியைப் பிடிக்கிறோம். ஆனால் படம் பிடிப்பதற்கு ‘டேக்’, அடம் பிடிப்பதற்கு ‘பி ஸ்டபர்ன்’ என்று உடனே வழி பிரிந்துவிடுகிறது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதில் பிடிப்பதே இல்லை. தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லாததால், பொருந்துகிற இணையையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அப்படிச் சரிபார்த்துக்கொண்டபின் தமிழ் ஒப்புமையை நினைவுக்கு உதவியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

வினைக்குப் பின்னால் வரும் சிறுசொல்

வினைக்குப் பின்னால் வரும் சிறுசொற்களும் அதன் கூட்டாளிகளே. தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டிஸ்கஸ்’ தன் செயப்படுபொருளை நேராக ஏற்கும் வினை. ‘அபவுட்’ அதற்கு வேண்டாம். ‘எனக்கு விளக்குங்கள்’ என்பது ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ ஆகிவிடுகிறது; அங்கே ‘டு’ வேண்டும், ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’. அறைக்குள் நுழைவது வெறும் ‘என்டர்’தான், ‘என்டர் இன்டு’ தேவையில்லை. அதே வினை ஒப்பந்தத்தைச் சந்திக்கும்போது ‘என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்’ என்று ‘இன்டு’வைக் கேட்கிறது. இங்கும் முடிவு செய்தது அடுத்து வந்த பெயர்தான்.

வினையும் சிறுசொல்லும் கலந்து புதுப் பொருள் தருகிற ‘ஃபிரேசல் வெர்ப்’ வகை நம் மாணவர்களை மிரட்டுகிறது. இந்த மிரட்சி புதிதல்ல. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வேற்றுநாட்டார்க்கு மிகப் பெரிய தொல்லை தருவது இந்தக் கூட்டுகளே என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் தமிழருக்கு இது அந்நியமான ஏற்பாடு அல்ல. விடுவதும் கொடுப்பதும் தெரிந்திருந்தால் ‘விட்டுக்கொடு’ என்பதன் பொருள் தெரிந்துவிடாது. கண்டதையும் பிடித்ததையும் கூட்டினாலும் ‘கண்டுபிடி’ வராது. ‘கிவ் இன்’, ‘ஃபைண்ட் அவுட்’ என்பவையும் இதே வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றையும் ஒரே சொல்லாகவே கொள்ள வேண்டும்.

பாடப்புத்தகத்தின் வழி ஆங்கிலம் கற்றவர்கள் இவற்றைத் தவிர்த்து, லத்தீன், பிரெஞ்சு வழி வந்த ஒற்றை வினைகளின் பக்கம் சாய்கிறார்கள். ‘புட் அவுட்’ இருக்கும் இடத்தில் ‘எக்ஸ்டிங்விஷ்’, ‘புட் அப் வித்’ இருக்கும் இடத்தில் ‘டாலரேட்’. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு அரசவையின் மொழியாயிற்று; மக்களின் பேச்சில் பழைய ஆங்கிலமே தங்கியது. பிரெஞ்சிலிருந்தும் பின்னாளில் லத்தீனிலிருந்தும் வந்த வினைகளுக்கு இன்றும் அலுவல் வாடை இருப்பது அதனால்தான். அறிக்கையிலும் மனுவிலும் அவை பொருந்தும். நண்பருக்கு அனுப்பும் செய்தியில் ‘சிகரெட்டை எக்ஸ்டிங்விஷ் செய்’ என்றால், வீட்டில் ‘விளக்கை அணைத்தருள்க’ என்று சொன்னது போலிருக்கும். எந்தப் பெயரோடு என்று கேட்பதோடு, யாரிடம் என்றும் கேட்க வேண்டும்.

மரபுத்தொடர்: அறிவது வேறு, ஆள்வது வேறு

மரபுத்தொடர் என்பது இந்தக் கூட்டணியின் உச்சநிலை. அதில் எந்தச் சொல்லையும் மாற்ற முடியாது. தமிழில் ‘மண்டையைப் போட்டான்’ என்கிறோம். ‘தலையைப் போட்டான்’ என்றால் அந்தப் பொருள் வராது. யார் வீட்டுக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் ‘மண்டையைப் போட்டார்’ என்று அச்சிட மாட்டார்கள். அங்கே ‘காலமானார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றே வரும். ஆங்கிலத்தில் ‘கிக் தி பக்கெட்’ என்பது மண்டையைப் போட்டதற்குச் சமம், ‘பாஸ் அவே’ என்பது காலமானதற்குச் சமம். பள்ளிக்கூடப் பட்டியல் இரண்டுக்கும் ‘டை’ என்று ஒரே பொருளைத் தருவதால், இரங்கல் கடிதத்தில் முதல் தொடரை எழுதிவிடும் அபாயம் உண்டு.

மரபுத்தொடர்கள் இல்லாவிட்டால் ஆங்கிலம் சப்பென்று இருக்காதா என்பது பலர் கேட்கும் கேள்வி. ஆங்கிலத்துக்கு இயல்பு தருவது எது என்பதில்தான் இங்கே குழப்பம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் பெருந்தொகையான உண்மை எழுத்துகளைக் கணினியில் திரட்டி ஆராய்ந்தார். அதிலிருந்து பிறந்த கோபில்ட் அகராதி 1987இல் வெளிவந்தது. பேசுபவரும் எழுதுபவரும் சொற்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அடுக்குவதைவிட, பாதி ஆயத்தமான தொடர்களையே மிகுதியாக எடுத்தாள்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அந்த ஆயத்தத் தொடர்கள் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ போன்ற வண்ணமயமானவை அல்ல. ‘டேக் பார்ட் இன்’, ‘பே அட்டென்ஷன் டு’, ‘மேக் ஷூர்’ போன்ற கண்ணில் படாத தொடர்களே. இவற்றைச் சரியாகப் பயன்படுத்துகிறவரின் ஆங்கிலம், ஒரு மரபுத்தொடர்கூட இல்லாமலே சரளமாக ஒலிக்கும். இவற்றில் தடுமாறிக்கொண்டே நடுநடுவே ஒரு மரபுத்தொடரைச் செருகினால் தடுமாற்றம்தான் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆகவே மரபுத்தொடர்கள் பலவற்றைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் சிலவற்றை மட்டும், எந்தச் சூழலில் வருகிறது என்று நேரில் படித்தபின் கையாளுங்கள்.

நம் ஆங்கிலம் தவறா?

மிகக் கனமான மறுப்பு இதுதான்: இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலம் புழங்குகிறது, நம் வழக்கை ஏன் லண்டன் அளவுகோலால் அளக்க வேண்டும்? இதில் நியாயம் இருக்கிறது. ‘பிரிபோன்’ இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பெற்றுள்ளது. ‘டூ தி நீட்ஃபுல்’ ஒருகாலத்தில் பிரிட்டனிலும் புழங்கியதுதான். ‘தேர்வு எழுதினேன்’ என்பதன் சாயலில் நாம் சொல்லும் ‘ரைட் அன் எக்ஸாம்’ கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இயல்பான வழக்கு. பி.காம். படிப்பதை ‘ரீடிங்’ என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகிறவர், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படிப்பதற்கும் ‘ரீட் லா’ என்ற வழக்கு உண்டு என்பதை அறிந்தால் ஆறுதல் அடையலாம். எல்லா வேறுபாட்டையும் பிழை என்று கொள்வது அறியாமை.

ஆயினும் ஒரு சோதனை தேவைப்படுகிறது. அது கௌரவம் பற்றியதல்ல, புரிதல் பற்றியது. நாம் எழுதியதை வெளிநாட்டு வாசகர் வேறு பொருளில் எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். ‘பாஸ்டு அவுட் இன் 2019’ என்று கல்லூரிப் படிப்பு முடிந்ததைக் குறிப்பிட்டால், பலருக்கு அது மயங்கி விழுந்ததாகப் படும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று நாம் சந்தேகம் கேட்பது, பேராசிரியர் சொன்னதை நம்பவில்லை என்று அறிவிப்பதாக ஒலிக்கும். ‘ஐ ஹேவ் எ க்வெஸ்சன்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. பதில் அனுப்புவதாகச் சொல்லும் ‘ஐ வில் ரிவர்ட்’, பழைய நிலைக்குத் திரும்புவதாகவும் படலாம். இத்தகையவற்றை நாடு கடந்த கடிதத்தில் மாற்றிவிடுவது நல்லது. திருச்சி அலுவலகத்திலிருந்து கோவை அலுவலகத்துக்குப் போகும் மின்னஞ்சலில் அவை அப்படியே இருக்கலாம். வாசகர் யார் என்பதே இங்கும் அளவுகோல்.

எங்கே தொடங்குவது?

ஆங்கிலத்தில் பெயர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வினையை எப்படிக் கற்க முடியும் என்ற மலைப்பு இயல்பானது. எல்லாவற்றையும் யாரும் கற்பதில்லை. உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்களை எண்ணினால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ‘இன்வாய்ஸ்’ முக்கியம்: அதை ‘இஷ்யூ’ செய்யலாம், ‘ரெய்ஸ்’ செய்யலாம், ‘செட்டில்’ செய்யலாம். செவிலியருக்கு ‘டெம்பரேச்சர்’ என்றால் ‘டேக்’, ‘டிரெஸ்ஸிங்’ என்றால் ‘சேஞ்ச்’, ‘ஊண்ட்’ என்றால் ‘டிரெஸ்’. மென்பொருள் துறையில் ‘டிக்கெட்’டுக்கு ‘ரெய்ஸ்’, ‘பக்’குக்கு ‘ஃபிக்ஸ்’, ‘டெட்லைன்’னுக்கு ‘மீட்’ அல்லது ‘மிஸ்’. நீதிமன்றத்தில் ‘பெட்டிஷன்’ என்றால் ‘ஃபைல்’, ‘பெயில்’ என்றால் ‘கிராண்ட்’, ‘நோட்டீஸ்’ என்றால் ‘சர்வ்’. நோட்டில் இடப்பக்கம் பெயரையும், எதிரே வினைகளையும், கீழே படித்த இடத்திலிருந்து எடுத்த ஒரு முழு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். தமிழ்ப் பொருளை எழுத வேண்டாம். எழுதினால் மறுபடி தமிழ் வினையிலிருந்தே தொடங்கும் பழக்கம் வந்துவிடும்.

ஐயம் வரும்போது அகராதியில் வினையைத் தேடாமல் பெயரைத் தேடுங்கள். 2002இல் முதலில் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் டிக்‌ஷனரி இந்த முறையிலேயே அமைந்தது. பெயர்ச்சொல்லின் கீழ் அதோடு வரும் வினைகள் வரிசையாக இருக்கும். அதில் இரண்டு வினைகள் கிடைத்து எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடிய சொற்றொகைகள் உதவும். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் பத்துக் கோடிச் சொற்கள் உள்ளன. கோகா எனப்படும் அமெரிக்கத் தொகையில் நூறு கோடிக்கும் மேல். பெயரை உள்ளிட்டால் அதற்கு முன்னால் எந்த வினை எத்தனை முறை வந்தது என்று காட்டும். எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் நான்கைந்து வாக்கியங்களைப் படித்துப் பாருங்கள். செய்தியா, சட்டமா, உரையாடலா என்பது அங்கேதான் தெரியும்.

எழுதி முடித்த கடிதத்தைத் திருத்தும்போதும் இதே வரிசைதான். முதல் வாசிப்பில் பெயர்ச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றோடும் நீங்கள் சேர்த்த வினையைப் பார்த்து, இந்த இணையை எங்காவது படித்திருக்கிறேனா, தமிழிலிருந்து நானே உண்டாக்கினேனா என்று கேளுங்கள். படித்ததாக நினைவிருந்தால் விட்டுவிடலாம். உண்டாக்கியதாகத் தோன்றுவதை மட்டும் அகராதியில் பாருங்கள். முதலில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு இணைகள் இப்படிச் சிக்கலாம். நோட்டில் அவை ஏற ஏற அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.